பழைய தீயணைப்பானை நம்பலாமா? பெங்களூரு வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐடிஐ, எச்எம்டி, பிஇஎல் என்று பெங்களூரின் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் வீடுகளில் கார் ஷெட்டில் கார் இருக்காது, லேத் இருக்கும். ராமமூர்த்தி நகர், ஜாலஹள்ளி, பீன்யா பக்கம் போனால் பார்க்கலாம். பெஞ்ச் வைஸ், கிரைண்டர், சின்னதாக ஒரு வெல்டிங் செட், தின்னர் டின், மரத்தூள் மூட்டை, மூலையில் ஒரு சிவப்பு உருளை. தொழிற்சாலை ஏலத்தில் வந்தது, சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தையில்) சல்லிசாகக் கிடைத்தது, அப்பா காலத்திலிருந்து அங்கேயே நிற்கிறது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். ஆபத்துக்கு உதவும், இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

உதவுமா என்பது இரண்டாவது கேள்வி. அதன் பக்கத்தில் நிற்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண ஏபிசி (மரம், எண்ணெய், எரிவாயு என்று மூன்று வகைத் தீக்குமான) பவுடர் தீயணைப்பானுக்குள் சுமார் 15 பார் அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். கார்பன் டை ஆக்சைடு உருளையில் 20 டிகிரியிலேயே 57 பார். அதனால் இரும்பு நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே சரக்கு இருக்கிறதா என்பது அடுத்தது. மேலே ஒட்டியிருக்கும் ரீஃபில் ஸ்டிக்கரைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அதை அச்சடிக்க ஒரு பிரிண்டர் இருந்தாலே போதுமே.

1. என்ன வகை?

கறுப்பு ஹாரன் (வாயு வெளியே வரும் புனல்) வைத்து, கேஜ் (அழுத்தம் காட்டும் முள்) இல்லாமல், தூக்கினால் கை இழுக்கும் கனமாக இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு. தலையில் பச்சை, சிவப்புப் பட்டை போட்ட கேஜ் இருந்தால் ஸ்டோர்டு பிரஷர் வகை, அதாவது அழுத்தம் எப்போதும் உள்ளேயே அடைத்திருப்பது. உள்ளே பவுடர், தண்ணீர், நுரை எதுவும் இருக்கலாம், லேபிளைப் படிக்க வேண்டும். கேஜும் இல்லை, ஹாரனும் இல்லை, மூடிக்கு மேல் தட்டுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது என்றால் கார்ட்ரிட்ஜ் வகை. குமிழைத் தட்டியதும் ஊசி உள்ளே இருக்கும் குட்டி வாயு உருளையைத் துளைக்கும். அந்த நொடியில்தான் வெளி உருளைக்கு அழுத்தமே வரும். பல வருஷம் சும்மா நின்று அடிப்பாகம் அரித்துப்போன இரும்பின் மேல் முழு அழுத்தமும் ஒரே நொடியில் இறங்கும். அப்போது உருளை உங்கள் கையில் இருக்கும். பழைய கார்ட்ரிட்ஜ் வகையிடம் எனக்குக் கூடுதல் பயம் இருப்பது இதனால்தான்.

மூன்று வகைகளை மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாமல் உடனே ஒதுக்கிவிடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து அடிக்கும் சோடா ஆசிட் வகை முதலாவது. அதற்குள் சோடியம் பைகார்பனேட் கரைசலும் சல்ஃப்யூரிக் அமிலக் குப்பியும் இருக்கும், கவிழ்த்தால் வினை தொடங்கி அழுத்தம் ஏறும், நடுவில் நிறுத்த வழி கிடையாது. அடுத்தது கையால் பம்ப் அடிக்கும் சின்னப் பித்தளைக் குழாய். அதில் கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கலாம். அந்தத் திரவமே விஷம், சூடான உலோகத்தில் பட்டால் ஃபாஸ்ஜீன் வாயு வேறு வரும். மூன்றாவது, லேபிளில் ஹாலான் 1211 அல்லது பிசிஎஃப் என்று போட்டிருப்பது. அது தீயை நன்றாகவே அணைக்கும், ஆனால் ஓசோன் படலத்தை அரிக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உற்பத்தியை நிறுத்தியாயிற்று. அதைத் திறந்துவிட்டுக் காலி செய்யவும் கூடாது.

2. ஆண்டு எங்கே இருக்கிறது?

தயாரித்த ஆண்டும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்த தேதியும் உருளையின் தோளிலோ அடி வளையத்திலோ இரும்பிலேயே குத்தியிருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடையுங்கள். சுரண்டவோ கிரைண்டர் வைக்கவோ வேண்டாம்.

தீயணைப்பான் பராமரிப்புக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 2190. அதன்படி தண்ணீர், நுரை, பவுடர் வகைகளின் ஆயுள் 10 ஆண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு 15 ஆண்டு. பவுடர் உருளைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் ஹைட்ரோ டெஸ்ட் வேண்டும். 2009 என்று குத்திய பவுடர் உருளை வெளியில் பளபளவென்று இருந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. ஆண்டையே கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் காலாவதி என்றே கணக்கில் வையுங்கள். இதில் சந்தேகத்தின் பலனை உருளைக்குக் கொடுக்கக் கூடாது.

3. இரும்பைப் படிப்பது

டார்ச் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அழுத்தம் உள்ள உருளையைப் படுக்க வைத்து உருட்டாமல், நிமிர்த்தியபடியே சுற்றிப் பாருங்கள். பெங்களூரில் ஜூனில் தொடங்கும் மழை விட்டுவிட்டு அக்டோபர், நவம்பர் வரை இழுக்கும். சிமென்ட் தரையில் நிற்கும் உருளையின் அடி வளையம் அத்தனை மாதமும் ஈரத்தில் ஊறும். துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். மேலோட்டமான செம்மண் நிறத் துரு என்றால் துணியில் துடைத்தால் வந்துவிடும், கவலையில்லை. விரல் நகத்தை ஓட்டும்போது குழியில் மாட்டினால், அல்லது பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பியிருந்தால், அந்த உருளைக்கு விடைகொடுங்கள்.

வெல்டிங் தையல் மேலோ அதற்குப் பக்கத்திலோ நசுங்கல், ஆர்க் பட்ட கரும்புள்ளி, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் கருகியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அதே முடிவுதான். புத்தம் புதிதாக, தடிமனாகப் பெயின்ட் அடித்த பழைய உருளையைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். குஜரியில் துருவை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

பட்டறைக்காரனுக்குக் கை அரிக்கும், தெரியும். ஆனாலும் தீயணைப்பான் உருளைமேல் வெல்டிங், பிரேஸிங், டிரில்லிங் எதுவும் கூடாது. மாட்டுவதற்கு ஒரு கொக்கி வைக்கிறேன் என்று ஒரு புள்ளி வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும்.

4. தராசு

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் யாரும் செய்வதில்லை.

கார்பன் டை ஆக்சைடு உருளையில் ஏன் கேஜ் இல்லை? உள்ளே வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் அப்படியே நிற்கும், திரவம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். பாதி காலியானதைக் கேஜ் காட்டிக்கொடுக்காது, எடைதான் காட்டும்.

உருளையின் தோளிலோ வால்விலோ வெற்று எடை குத்தியிருக்கும். அதோடு வாயுவின் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக வெற்று எடை 12.2 கிலோ, வாயு 4.5 கிலோ என்றால் நிறைந்த எடை 16.7. வாயுவில் பத்து சதவீதம், அதாவது 450 கிராம் குறைந்தால் ரீஃபில் செய்ய வேண்டும் என்பது விதி. 16.25 கிலோவுக்குக் கீழே போனால் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கிலோ உருளைக்கு இந்த எல்லை 200 கிராம்தான். ஆகவே உடல் எடை பார்க்கும் மிஷின் இதற்கு உதவாது. எஸ்.பி. ரோட்டில் பெட்டி தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தொங்கு தராசு கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் இரண்டு மூன்றைத் தூக்கித் தராசு சரியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: குத்தியிருக்கும் வெற்று எடையில் ஹோஸும் ஹாரனும் பெரும்பாலும் சேராது. அவற்றைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். வால்வில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பவுடர் வகையையும் எடை போடுங்கள். மொத்த எடை லேபிளில் இருக்கும். கேஜ் முள் பச்சையில் நிற்கிறது, எடை மட்டும் முக்கால் கிலோ குறைகிறது என்றால், பவுடரைத் தொடாமல் காற்றை மட்டும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கார்ட்ரிட்ஜ் வகை என்றால் உள்ளே இருக்கும் குட்டி உருளையைக் கடைக்காரரைக் கழற்றச் சொல்லி அதைத் தனியாக நிறுக்க வேண்டும். முழு எடை அதன்மேலேயே இருக்கும், வாயுவில் பத்து சதவீதம் குறைந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

எடையையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் ஆதாரம்.

5. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா? விரலால் மெல்லத் தட்டுங்கள், ஒட்டிக்கொண்ட முள் நகர்ந்து உண்மையைச் சொல்லும். முள் சிவப்பில் மேல் பக்கம் போயிருந்தால் அதுவும் கோளாறுதான். கைப்பிடியில் செருகியிருக்கும் பூட்டு ஊசி (பின்) இருக்கிறதா, சீல் அறுபடாமல் இருக்கிறதா? ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். முனைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண் கூடு கட்ட அதைவிடத் தோதான இடம் இல்லை.

பிளாஸ்டிக் கைப்பிடி, பிளாஸ்டிக் வால்வு வைத்த சின்ன உருளைகளிடம் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. 2017 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய நிறுவனம் ஒன்று பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த சுமார் 4 கோடி தீயணைப்பான்களைத் திரும்பப் பெற்றது. அவை அடைத்துக்கொள்ளலாம், அழுத்தினால் வேலை செய்யாமல் போகலாம், முனை கழன்று தெறிக்கலாம் என்பதே காரணம். 1973 முதல் தயாரானவையும் அதில் அடக்கம்.

பவுடர் ஒரே இடத்தில் நின்றால் அடியில் இறுகும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது பின்னைத் தொடாமல் உருளையை மெல்லக் கவிழ்த்து, காதை வைத்துக் கேளுங்கள். பவுடர் சரசரவென்று சரிவது கேட்க வேண்டும். கட்டியாக ஒரே இடி போல விழுந்தாலும், ஒன்றுமே நகராவிட்டாலும், ரீஃபில். (கவிழ்ப்பது ஸ்டோர்டு பிரஷர் பவுடர் வகைக்கு மட்டும். எது என்று தெரியாத உருளையைக் கவிழ்க்கவே கூடாது. சோடா ஆசிட்டை மறக்காதீர்கள்.)

வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒரு நொடி அழுத்திப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது வேண்டாம். அழுத்திய அந்த ஒரு நொடியில் பவுடர் வால்வின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு வால்வு முழுசாக மூடாது. அன்றைக்குக் கேஜ் பச்சையில்தான் நிற்கும். நாளாக நாளாகக் காற்று கசிந்து, ஒரு நாள் பார்த்தால் முள் பூஜ்யத்தில். கொஞ்சமே பயன்படுத்தியிருந்தாலும் முழு ரீஃபில் செய்தாக வேண்டும்.

6. ரீஃபில் கடையில் கூடவே நில்லுங்கள்

வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போய், மறுநாள் துடைத்துக் கொண்டுவந்து தரும் சேவை வசதிதான். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பீன்யா பக்கம் ஹைட்ரோ டெஸ்ட் வசதி உள்ள இடமாகப் பார்த்து நீங்களே எடுத்துப் போங்கள். போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணா, நைட்ரஜன்தானே போடுறீங்க?"

"காத்துதான் சார் போடுவோம். அதுவும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கும். ஈரம் உள்ளே போனால் பவுடர் கட்டி தட்டும், உள்ளே துரு பிடிக்கும். காய்ந்த நைட்ரஜன் இல்லாத கடையிலிருந்து உருளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி பவுடர். ஏபிசி பவுடர் என்பது மோனோ அம்மோனியம் ஃபாஸ்பேட், அமிலக் குணம் உள்ளது. பழைய பிசி பவுடர் என்பது சோடியம் பைகார்பனேட், காரம். இரண்டும் கலந்து அதில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடு உருவாகி அழுத்தம் ஏறும், பவுடரும் கல்லாகும். பிசி இருந்த உருளையில் மிச்சத்தைக் கொட்டாமல் மேலே ஏபிசி போடுவது விளையாட்டில்லை. உள்ளே முழுசாகச் சுத்தம் செய்து, என்ன பவுடர் இருந்ததோ அதே பவுடர்தான் போட வேண்டும்.

கூட நிற்கும்போது பார்க்க வேண்டியவை: வால்வைத் திறந்து உள்ளே விளக்கு விட்டுத் துரு பார்க்கிறார்களா, ஓ ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்றுகிறார்களா, பவுடரை நிறுத்துப் போடுகிறார்களா, நிரப்பிய பின் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கிறார்களா. ஹைட்ரோ டெஸ்ட் என்றால் உருளையில் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, கசிவோ வீக்கமோ வருகிறதா என்று பார்ப்பது. தண்ணீர் அமுங்காது, ஆகவே உருளை கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது. இதே சோதனையைக் கம்ப்ரஸரை மாட்டி வீட்டில் செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவரைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

செலவைக் கணக்குப் போட்டால், எட்டு ஒன்பது வயதான ஏபிசி உருளைக்கு ஹைட்ரோ டெஸ்ட், ரீஃபில், புது ஹோஸ் என்று செய்வதைவிடப் புதிதாக வாங்குவதே பல சமயம் புத்திசாலித்தனம். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. நல்ல உருளை, வயது பத்துக்குள் என்றால் காப்பாற்றி வைக்கலாம். புதிது வாங்கினால் ஐ.எஸ். 15683 என்று எழுதிய ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். அதன் கீழே உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் முத்திரை உண்மையா என்று தெரிந்துவிடும்.

7. எங்கே, எதை மாட்டுவது

வாசலுக்குப் பக்கத்தில், கைப்பிடி இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வருகிற மாதிரி சுவரில் மாட்டுங்கள். வெல்டிங் பெஞ்சுக்கு மேலே மாட்டினால் தீ வரும்போது தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஏப்ரல் மாத வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம்.

சாதாரண வீட்டுப் பட்டறைக்கு என் தேர்வு: வாசலில் நான்கு அல்லது ஆறு கிலோ ஏபிசி ஒன்று, மின்சாரப் பலகைக்கும் லேத்துக்கும் இரண்டு கிலோ கார்பன் டை ஆக்சைடு ஒன்று. ஏபிசி மரத்தூளையும் தின்னரையும் அணைக்கும். ஆனால் அந்தப் பவுடர் ஈரம் பட்டால் லேத் படுகையை அரிக்கும். தீ அணைந்ததும் அன்றைக்கே சுத்தம் செய்தாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கறை வைக்காது. ஆனால் மூடிய அறையில் மூச்சை அடைக்கும். 4.5 கிலோ வாயு சுமார் இரண்டரை கன மீட்டராக விரியும். பத்தடிக்குப் பத்தடி அறையின் காற்றில் அது 8 சதவீதம். தலைசுற்றிக் கீழே விழ அது போதும். ஹாரனையும் கையால் பிடிக்காதீர்கள், வெளியே வரும் பனி மைனஸ் 78 டிகிரி.

மக்னீசியம் சீவல் தீப்பிடித்தால் இரண்டுமே உதவாது. கார்பன் டை ஆக்சைடுக்குள்ளும் மக்னீசியம் எரியும். காய்ந்த மணல் ஒரு வாளி வையுங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைப் பட்டறையில் பிரித்து மேய்பவர்களுக்கு: ஏபிசி மேல்தீயை அடக்கும், செல்லின் சூட்டை அடக்காது, திரும்பப் பற்றும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த பாலிஷ் துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள்.

8. அடிக்கும்போது

வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பின்னை இழுங்கள், தீயின் அடியைக் குறிவையுங்கள், அழுத்துங்கள், இடமும் வலமும் வீசுங்கள். ஒரு கிலோ பவுடர் பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும். ஒன்று தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112. முடிந்தால் அதற்கு முன்பே வீட்டில் யாரையாவது போன் போடச் சொல்லிவிடுங்கள்.

9. கழித்துக் கட்டுவது

காலாவதியான பவுடர் உருளையை அழுத்தத்தோடு பழைய இரும்புக் கடையில் போடுவது பெரிய பாவம். அங்கே ஒரு பையன் கேஸ் கட்டரை எடுத்து நேராக உருளை மேல் வைப்பான். ரீஃபில் கடையிலேயே கொடுத்து, அழுத்தத்தை இறக்கி, வால்வைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். உருளையிலேயே துளை போட்டுத் தந்தால் இன்னும் நல்லது, அதைத் திரும்ப யாரும் பெயின்ட் அடித்துக் குஜரியில் விற்க முடியாது. ஹாலான், கார்பன் டெட்ராகுளோரைடு இரண்டையும் சாக்கடையிலோ காலி மனையிலோ கொட்டக் கூடாது. அவற்றைத் திறக்காமல் நிமிர்த்தி வைத்து, ஆபத்தான கழிவைக் கையாள உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். சோடா ஆசிட் உருளையையும் கவிழாதபடி நிமிர்த்தியே கொண்டுபோங்கள். உள்ளே அமிலக் குப்பி இன்னும் நிறைந்திருக்கலாம்.

பித்தளை, செம்பு உருளை அழகாக இருக்கிறது, அலமாரியில் வைக்க ஆசை என்றால் வையுங்கள். தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே காலி செய்து கழுவி, மூடியைத் திறந்தபடி, ‘காலி’ என்று பெரிதாக எழுதி, வாசலில் மாட்டியிருக்கும் நிஜத் தீயணைப்பானிலிருந்து தள்ளி வையுங்கள். புகையில் தடவும் கை எது கிடைத்தாலும் எடுத்துவிடும்.